திட்டம் ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கட்டும்

(தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில், கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘கல்வியில் நம் பள்ளியின் பலங்களும் மேம்பாட்டுத் திட்டமும்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பலங்கள் என்ற முதல் பாதியை வாசலில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பலகை ஏற்கெனவே பேசிவிட்டது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, பன்னிரண்டாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, இன்னின்ன பாடங்களில் சென்டம் எடுத்தவர்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு உண்மையானது. அவர்களுக்காக விடிகாலையில் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்த ஆசிரியர்களின் உழைப்பும் உண்மையானது. அதை நான் ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன். ஆனால் அந்த மதிப்பெண்கள் பள்ளியின் பலத்தைக் காட்டுகின்றனவா, பள்ளிக்குள் வந்த பிள்ளைகளின் பலத்தைக் காட்டுகின்றனவா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் எந்தத் திட்டமும் எழுத முடியாது.

பதினோராம் வகுப்பில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கிறோம். 450க்கு மேல் எடுத்தவர்களுக்குக் கட்டணச் சலுகை தருகிற பள்ளிகள் நம் ஊர்களில் பல இருக்கின்றன. நன்றாகப் படிப்பவர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் நன்றாகப் படித்தார்கள் என்று அறிவித்தால், நடுவில் பள்ளி என்ன செய்தது என்பது அந்த அறிவிப்பில் தெரியாது. பிள்ளை உள்ளே வந்தபோது எங்கே இருந்தான், வெளியே போகும்போது எங்கே இருக்கிறான், அந்த இடைவெளியில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று அளந்தால்தான் பலம் தெரியும்.

இப்படி அளந்து பார்த்த ஆய்வு ஒன்று நமக்கு மிக அருகில் நடந்திருக்கிறது. 2008இல் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில், ஐந்து மாவட்டங்களின் 180 கிராமங்களில், கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் தொடங்கியது அது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் விண்ணப்பித்தவர்களுக்குள் குலுக்கல் போட்டு, தேர்வானவர்களுக்குத் தனியார் பள்ளியில் படிக்கக் கட்டணம் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால், பணக்கார வீட்டுப் பிள்ளை இந்தப் பக்கம், ஏழை வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. தாய்மொழியான தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு தரப்புப் பிள்ளைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னே நின்றார்கள். அரசுப் பள்ளிகளில் அந்தத் தொடக்க வகுப்புகளில் இந்தி கற்பிக்கப்படவே இல்லை என்பதுதான் பெரிய காரணம்.

இதைக் கேட்டதும் ‘அப்படியானால் நாம் கட்டும் கட்டணம் வீணா?’ என்று பெற்றோர் முகங்களில் ஒரு கேள்வி எழுகிறது. ஆய்வின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைவான நேரமே ஒதுக்கியிருந்தன. அந்தக் குறைந்த நேரத்தில், ஒரு பிள்ளைக்கு அரசு செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பணத்தில், அதே அளவு கற்பித்திருந்தன. ஆசிரியர் வகுப்பில் இருந்தார், மணி அடித்தால் பாடம் நடந்தது. இது பெரிய பலம். பள்ளியை ஒழுங்காக நடத்தத் தெரியும் என்பதுதான் தனியார் பள்ளியின் நிரூபிக்கப்பட்ட பலம். ஆழமாகக் கற்பிக்கத் தெரியும் என்பது இன்னும் நிரூபிக்கப்பட வேண்டியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் நம்முடைய நாற்பது ஆண்டுத் தவறு என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1984 முதல் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 சேர்க்கையில் இருந்து அது இல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த ரத்து செய்த நன்மை பெரிது, நான் அதை ஆதரித்தவன், இப்போதும் ஆதரிக்கிறேன். ஆனால் அதோடு பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிற எண்ணாகிவிட்டது. நாமக்கல் வட்டாரத்தில் விடுதிப் பள்ளிகள் பெருகின. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பத் திரும்ப நடத்தும் வழக்கம் அங்கே மட்டுமல்ல, மாநிலம் முழுவதும் பரவியது. இயற்பியலில் விசை, இயக்கம், ஆற்றல் எல்லாம் பதினோராம் வகுப்பில்தான் இருக்கின்றன. அதைத் தொடாமலே இயற்பியலில் இருநூறுக்கு இருநூறு வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் கணக்கிலும் இயற்பியலிலும் தடுமாறியதைக் கல்லூரி ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2017இல் அரசு விழித்துக்கொண்டது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். 1200 மதிப்பெண் 600 ஆனது. 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்தத் தேர்வு வந்ததால்தான் பல பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடம் ஒழுங்காக நடந்தது. இப்போது, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டுவிட்டது. பிள்ளைகளின் மனச்சுமை குறையும் என்பது சரி. ஆனால் பழைய வழக்கம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இனி முழுக்கப் பள்ளியின் கையில்தான் இருக்கிறது. உங்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் முதல் வரியாக ‘இங்கே பதினோராம் வகுப்பில் பதினோராம் வகுப்புப் பாடம்தான் நடக்கும்’ என்று எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்படி தாளாளரை நான் கேட்டுக்கொள்கிறேன்.

மேல் வகுப்புகளைப் பற்றி இவ்வளவு போதும். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல.

இந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை ஒரே வளாகத்தில் இருக்கிறது. பதினான்கு ஆண்டுகள். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து ஓரிடம், எட்டு முடித்து இன்னோரிடம் என்று மாறுவான். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ‘தொடக்கப் பள்ளியில் சரியாகச் சொல்லித் தரவில்லை’ என்று சொல்ல முடியும். அதில் நியாயமும் இருக்கலாம். இங்கே அப்படிச் சொல்ல வழியே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பின்னம் கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுத்தது இதே வளாகம். பதினான்கு ஆண்டுகள் ஒரு பிள்ளை கையில் இருக்கிறான் என்பது எந்தச் சோதனைக்கூடமும், எந்த ஸ்மார்ட் போர்டும் தர முடியாத வாய்ப்பு. இதுதான் உங்கள் மிகப் பெரிய பலம். இதை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

இந்தப் பலத்துக்கு நேர் எதிராக ஒரு பழக்கம் நம் தனியார் பள்ளிகளில் இருக்கிறது. மேடையில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டுகிறார்கள். பத்தாம் வகுப்பில் தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, ‘வேறு பள்ளி பாருங்கள், டி.சி. கொடுத்துவிடுகிறோம்’ என்கிறார்கள். அல்லது தனித்தேர்வராக எழுதச் சொல்கிறார்கள். நூறு சதவீதத் தேர்ச்சிகளில் ஒரு பகுதி இப்படித்தான் வருகிறது. நான்கு வயதில் கைபிடித்து உள்ளே அழைத்துவந்த பிள்ளையைப் பதினான்கு வயதில் வாசலுக்கு வெளியே விடுகிறோம். அவன் நண்பர்கள் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். அந்த வயதில் அது எப்படிப்பட்ட அடி என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பள்ளி அதைச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. இந்த மேடையிலேயே, மதிப்பெண்ணுக்காக ஒரு பிள்ளைக்கும் டி.சி. இல்லை என்று நிர்வாகம் அறிவித்தால் அதைவிடப் பெரிய கல்வி அறிவிப்பு இந்த ஆண்டில் வேறு எதுவும் இருக்காது. தேர்ச்சி தொண்ணூற்றேழு ஆகட்டும். பெற்றோர்களே, அப்படி ஆனால் நீங்கள் உங்கள் அடுத்த பிள்ளையை வேறு பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது. நிர்வாகத்தின் துணிச்சல் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

சரி, ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிள்ளை ஏன் தடுமாறுகிறான்? பல பள்ளிகளில் பின்பெஞ்சில் உட்கார்ந்து வகுப்புகளைக் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலும் அவன் மூன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் எங்கோ விட்டுப்போனவன். விட்டுப்போனது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அவன் மதிப்பெண் குறையவில்லை. கேள்வி–பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள், அதை மனப்பாடம் செய்து எழுதினான், எழுபது வாங்கினான்.

கணக்கில் ஓர் எடுத்துக்காட்டு. 1978இல் அமெரிக்காவின் தேசிய அளவிலான மதிப்பீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பன்னிரண்டின் கீழ் பதின்மூன்று, அதாவது 12/13; அதனுடன் 7/8ஐக் கூட்டினால் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும்? 1, 2, 19, 21 என்று நான்கு விடைகள். கணக்குப் போடவே வேண்டாம். 12/13 கிட்டத்தட்ட ஒன்று, 7/8 கிட்டத்தட்ட ஒன்று, ஆக விடை 2. சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் 19 என்றார்கள், 21 என்றார்கள். மேலே உள்ள எண்களைக் கூட்டினால் 19, கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 21. பின்னம் என்பது ஓர் அளவு என்பதே அவர்கள் மனதில் இல்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு. இதே கேள்வியை நாளை உங்கள் எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எழுதுகோல் இல்லாமல், அரை நிமிடத்தில். அவர்கள் எல்லோருக்கும் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்துப் பின்னம் கூட்டத் தெரிந்திருக்கும், அது தேர்வில் வருகிறது. இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்பதுதான் உங்கள் கணக்குத் துறையின் உண்மையான நிலை.

தசமத்திலும் இதே கதை. 0.5 பெரியதா 0.45 பெரியதா என்றால், 45 என்கிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறான். அவன் முட்டாள் இல்லை. முழு எண்களில் கற்ற விதியை இங்கே கொண்டுவந்திருக்கிறான், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பில் அதைக் கண்டுபிடித்தால் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பில் அதன்மேல் இயற்கணிதம், முக்கோணவியல், அறிவியல் குறியீடு எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கும்.

வாசிப்புக்கு வருவோம். ஆங்கில வழி வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடங்கலின்றி உரக்க வாசிக்கிறாள். கேட்கும் பெற்றோருக்குப் பெருமையாக இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ‘கண்ணு, இதில் என்ன நடந்தது? தமிழிலேயே சொல்லு’ என்று கேளுங்கள். பல பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். எழுத்தை ஒலியாக்கக் கற்றிருக்கிறார்கள். பொருள் வந்து சேரவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு வகுப்பில் தமிழில் விளக்குவதைக் குற்றமாக நினைக்கிற பள்ளியில் இது இன்னும் மோசமாக இருக்கும். தமிழில் பேசினால் அபராதம் வாங்குகிற பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். நன்றாகத் தெரிந்த மொழியில் புரிந்துகொண்ட பிள்ளைதான் இன்னொரு மொழியில் எழுத முடியும்.

தமிழ்ப் பாடத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயமானது. அதற்கு முன்பு, மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று பிரெஞ்சும் சமஸ்கிருதமும் எடுத்த பிள்ளைகள் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் ஏராளம். சட்டம் அதை மாற்றியது. ஆனால் சட்டம் பாடவேளையைத்தான் தர முடியும். இன்றும் கால அட்டவணை போடும்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான கடைசிப் பாடவேளைகள் தமிழுக்குப் போகின்றன. ஆண்டு விழா ஒத்திகைக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்படுவது தமிழ் வகுப்புதான். தமிழ் ஆசிரியர்கள் தலையசைக்கிறார்கள், பாருங்கள்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். திட்டம் என்றதும் நம் மனம் கட்டடத்துக்குப் போகிறது. புதிய ஆய்வகம், ரோபோட்டிக்ஸ் அறை, நீட் ஃபவுண்டேஷன் வகுப்பு. இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் பள்ளியின் மிகச் சிறந்த கணக்கு ஆசிரியர் எந்த வகுப்புக்குப் போகிறார்? எல்லாப் பள்ளியிலும் விடை ஒன்றுதான்: பத்து, பன்னிரண்டு. புதிதாகச் சேர்ந்தவர், பி.எட். முடித்துச் சில மாதமே ஆனவர், நான்காம் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறார். நாற்றங்காலைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, கதிர் பிடிக்கும் நேரத்தில் உரம் கொட்டுகிற விவசாயம் இது. முதல்வர் அவர்களே, இந்த ஆண்டு கால அட்டவணையில் மூத்த கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு ஐந்தாம் வகுப்பில் வாரத்துக்கு மூன்று பாடவேளைகள் கொடுங்கள். அவருக்கு அது பதவி இறக்கமாகத் தோன்றக் கூடாது. பள்ளியில் மிகக் கடினமான வேலை அதுதான் என்பதால் அவரிடம் கொடுக்கிறோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது, தெரிந்துகொள்வது. ஜூலை மாதத்துக்குள் மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லி, பொருள் கேட்டு, சில எளிய கணக்குகளை வாய்வழியாகச் செய்யச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் கூடாது. ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் ஏறக் கூடாது. இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே இருக்கும் ரிஷி வேலி என்ற தனியார் பள்ளி, சுற்றுக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காக, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிப்படியாக ஏறும் அட்டைமுறை ஒன்றை உருவாக்கியது. அதிலிருந்து கற்றுக்கொண்டு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் முனைப்பில், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது போயிற்று. ஏணிப்படி, அட்டை, குழு என்றெல்லாம் அந்தப் பள்ளி ஆசிரியர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அதில் குறைகள் இருந்தன, அட்டை நிரப்புவதே சடங்காகிவிட்ட பள்ளிகளும் உண்டு. ஆனால் ‘இந்தப் பிள்ளை இன்று எந்தப் படியில் இருக்கிறாள்’ என்ற கேள்வியை அந்த முறை ஆசிரியரிடம் தினமும் கேட்டது. ஒரு தனியார் பள்ளி கண்டெடுத்ததை அரசுப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. நம் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் எட்டிப் பார்க்கவும் இல்லை. இப்போதாவது பார்க்கலாம்.

நம் பள்ளிகளில் அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி ஆட்சி செய்கிறது: போர்ஷன் முடிந்ததா? வாரக் கூட்டத்தில் அதைத்தான் கேட்கிறோம். ஆசிரியரும் முடித்துவிடுகிறார். பாடம் முடிந்தது, யாருக்குப் புரிந்தது என்பது தேர்வு வரை தள்ளிவைக்கப்படுகிறது. தேர்வுக்குப் பிறகு மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல், அவர்களுக்கு மினிமம் மெட்டீரியல், அதை வைத்து முப்பத்தைந்து. அந்தப் பட்டியலில் ஒருமுறை பெயர் ஏறிய பிள்ளைக்குப் பிறகு புத்தகமே இல்லை, அந்த மெல்லிய தாள்கட்டுதான் அவன் கல்வி. 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களை எவ்வளவு உழைத்து எழுதினார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது இன்னும் வலிக்கும்.

நோட்டுத் திருத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரியைகள் வீட்டுக்குக் கட்டுக்கட்டாக நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சிவப்பு மையில் டிக், ஒரு மதிப்பெண், ‘குட்’, கையெழுத்து. இந்த உழைப்பு பிள்ளைக்கு என்ன செய்கிறது? ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1988இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு குழுவுக்கு அவரவர் விடையைப் பற்றிய குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண் பெற்றவர்கள் முன்னேறவில்லை. வியப்பு எதுவென்றால், இரண்டையும் பெற்றவர்களும் முன்னேறவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் பிள்ளை பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்க்கிறான், குறிப்பைப் படிப்பதில்லை. ஆகவே ஆசிரியைகளின் சுமையைக் குறைக்கவே கேட்கிறேன்: எல்லா நோட்டையும் தினமும் திருத்த வேண்டாம். நாளுக்குப் பத்து நோட்டு. மதிப்பெண் இல்லாமல் ஒரே ஒரு வரி: எங்கே பிசகியது, அடுத்து என்ன செய். அதற்குப் பிள்ளை பதில் எழுத வேண்டும். பெற்றோர்களே, நோட்டில் டிக் இல்லை என்று நீங்கள் பள்ளிக்குப் போன் செய்யாமல் இருந்தால்தான் இது நடக்கும்.

வீட்டில் படிப்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ‘படிச்சாச்சா?’ என்று கேட்கிறோம், ‘மூணு தடவை படிச்சாச்சு’ என்கிறாள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலர் பாடத்தை மறுபடி மறுபடி வாசித்தார்கள், சிலர் ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னே. அம்மா, அப்பா, உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ‘இன்னிக்கு என்ன நடத்தினாங்க, சொல்லு பார்ப்போம்’ என்று கேட்டாலே போதும். பள்ளியில் ஏழாம் வகுப்பு தாண்டாத அம்மாவும் இதைச் செய்யலாம். டியூஷன் சென்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி மிச்சமாகும்.

இவ்வளவையும் செய்ய வேண்டியவர்கள் ஆசிரியர்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் திட்டம் எழுதினால் அது தாளில்தான் இருக்கும். தனியார் பள்ளிகளின் மிகப் பெரிய பலவீனம், நடுவில் போய்விடும் ஆசிரியர். சம்பளம் போதாமல், பக்கத்துப் பள்ளியில் சற்றுக் கூடுதலாகத் தருகிறார்கள் என்று, அரசு வேலைக்குத் தேர்வு எழுதித் தேறி என்று, ஒவ்வொரு ஆண்டும் சிலர் போகிறார்கள். ஒரு வகுப்பு ஒரே ஆண்டில் இரண்டு, மூன்று அறிவியல் ஆசிரியர்களைப் பார்க்கிறது. ஒரு பிள்ளை எங்கே விட்டுப்போனாள் என்ற அறிவு ஆசிரியரின் மனதில் இருக்கிறது. அவர் போகும்போது அதுவும் போய்விடுகிறது. 2009ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டத்தின்படி வரவு–செலவைக் குழுவின் முன் வைத்துக் கட்டணத்தை நிர்ணயிக்கிறீர்கள். அந்தக் கணக்கில் ஆசிரியர் சம்பளம் எத்தனை பங்கு என்பதைப் பெற்றோரிடமும் சொல்லுங்கள். ஏ.சி. வகுப்பறைக்குக் கட்டணம் உயர்ந்தால் ஏற்றுக்கொள்ளும் பெற்றோர், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மூன்று ஆண்டு இங்கேயே இருப்பதற்காக உயர்ந்தால் கட்டாயம் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் நம்புகிறேன்.

பணத்தால் மட்டும் ஆசிரியர் வளர்வதில்லை. ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக ஒரு வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று ஆசிரியரை அல்ல, பிள்ளைகளைக் கவனிப்பார்கள். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் குழம்பினார்கள், யார் எப்படி யோசித்தார்கள் என்று பிறகு பேசுவார்கள். நம்மிடம் வகுப்பைப் பார்வையிடுவது என்றால் முதல்வர் நோட்ஸ் ஆஃப் லெசனில் கையெழுத்துப் போட வருவது. அந்தப் பயம் போக வேண்டும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு பாடம், நான்கு ஆசிரியர்கள். பின்னத்தில் தொடங்குங்கள்.

நிர்வாகத்துக்கு ஒன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள மேலாண்மைக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை என்ற இடத்தில், நீங்களாகவே ஒரு கூட்டம் கூட்டி, திட்டம் எழுதப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த நல்லெண்ணத்தை மதித்துத்தான் இவ்வளவு கடுமையாகவும் பேசினேன். எழுதும் குழுவில் பெற்றோர்களும் இருக்கட்டும். 25 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் இருக்கட்டும், அவர்கள் இந்த மண்டபத்தில் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி கூடுவோம் என்று தாளாளர் சொன்னார். நல்லது. அந்தக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து யாரையும் பேச அழைக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை இந்த மேடைக்கு வரட்டும். பெயர் சொல்லாமல், ஜூன் மாதத்தில் தன் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு எது தெரியாமல் இருந்தது, இப்போது யாருக்கு எது தெரிகிறது, யாருக்கு இன்னும் தெரியவில்லை, அவர்களோடு அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லட்டும். நான் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.